ஜெர்சியைக் கழற்றிவிட்டுப் பேசலாமே! (வாசகர் கேள்வி பதில்)

? ஒரு நாடு பிரிய வேண்டுமா, சேர்ந்தே இருக்க வேண்டுமா என்று மக்களிடமே ஓட்டு கேட்கும்போது, விளையாட்டு வீரர்கள் "இந்தப் பக்கம் போடுங்கள்" என்று வெளிப்படையாகச் சொல்வது சரியா?
– கல்லூரி மாணவர், மார்த்தாண்டம்

தாராளமாகச் சொல்லலாம். ஆனால் தன் பெயரில், தன் செலவில், மைதானத்துக்கு வெளியே, காரணத்தோடு சொல்ல வேண்டும். அதுவும் வாக்குப்பதிவுக்குப் போதிய நாட்கள் முன்பே சொல்லிவிட வேண்டும். வம்பு வருவது பெரும்பாலும் எந்தப் பக்கம் நின்றார் என்பதால் அல்ல, எங்கே நின்று எப்போது பேசினார் என்பதால்தான்.

டென்னிஸ் வீரர் ஆன்டி மர்ரேயை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்காட்லாந்து தனி நாடாக வேண்டுமா என்ற பொதுவாக்கெடுப்பு 2014 செப்டம்பர் 18 அன்று நடந்தது. அதுவரை பிடி கொடுக்காமல் இருந்தவர், வாக்குப்பதிவு நாள் காலையில் ட்விட்டரில் நாலு வரி போட்டார். 'வேண்டாம்' தரப்பின் எதிர்மறைப் பிரசாரம் தன் மனத்தை மாற்றிவிட்டது என்பது சாரம். பிரிவினால் என்ன நன்மை என்று ஒரு வரிகூட அதில் இல்லை. அதைக் கேட்கவோ விளக்கவோ யாருக்கும் நேரமும் இல்லை. வசவு மழையாகக் கொட்டியது. முடிவு 55.3 சதவீதம் 'வேண்டாம்', 44.7 சதவீதம் 'வேண்டும்'. கருத்துச் சொன்னதற்காக வருந்தவில்லை, சொன்ன விதத்துக்காகத்தான் வருந்துகிறேன் என்று பின்னாளில் அவரே சொன்னார்.

இதில் இன்னொரு வேடிக்கை. மர்ரே அப்போது இங்கிலாந்தில் குடியிருந்ததால் அவருக்கு ஓட்டே கிடையாது. அங்கே பிறப்பை வைத்து அல்ல, வசிப்பிடத்தை வைத்துத்தான் ஓட்டு. காமன்வெல்த் நாட்டவருக்கும் உண்டு. கிளாஸ்கோவில் குடியிருந்து வேலை பார்த்த நம் மாவட்டத்து நர்ஸ் பட்டியலில் பெயர் சேர்த்திருந்தால் ஓட்டுப் போட்டிருக்கலாம். ஸ்காட்லாந்தின் தவப்புதல்வர் போட முடியாது! எதிர்முகாமில் இருந்த முன்னாள் கால்பந்துப் பயிற்சியாளர் அலெக்ஸ் ஃபெர்குசன் வெகு முன்பே தன் நிலையைச் சொல்லிவிட்டார். அவரையும் விமர்சித்தார்கள். ஆனால் பதிலுக்குப் பதில் பேச இரு தரப்புக்கும் அவகாசம் இருந்தது.

சட்டமன்றத் தேர்தலில் ஏமாந்தால் ஐந்து வருடத்தில் கணக்குத் தீர்த்துக்கொள்ளலாம். பொதுவாக்கெடுப்பு பெரும்பாலும் ஒரே தடவை. எனவே "எனக்குப் பிடித்த ஆட்டக்காரர் சொன்னார்" என்பது போதாது. அவர் ஏன் சொன்னார் என்பது தெரிய வேண்டும். காரணம் சொல்லத் தெரியாதவர் பக்கமும் சொல்லாமல் இருப்பது நல்லது.

? பிரபலங்கள் சொல்லி மக்கள் ஓட்டை மாற்றிப் போடுகிறார்களா?
– மளிகைக்கடைக்காரர், குலசேகரம்

கணக்கைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு பிரிட்டன் விலகுவதா என்ற 2016 ஜூன் 23 பிரெக்ஸிட் வாக்கெடுப்புக்கு இரண்டு நாள் முன்பு கால்பந்து வீரர் டேவிட் பெக்காம் 'ஒன்றியத்திலேயே இருப்போம்' என்றார். கிரிக்கெட்டின் இயான் போத்தம் 'வெளியேறுவோம்' என்றார். வெளியேறும் தரப்புக்கு 51.9 சதவீதம் கிடைத்தது. போத்தம் ஜெயிக்கவைத்தார் என்று யாரும் சொல்வதில்லை.

ஆஸ்திரேலியா இன்னும் தெளிவான உதாரணம். பூர்வகுடி மக்களின் குரலுக்கு அரசியல் சாசனத்தில் இடம் தரும் திருத்தத்துக்கு 2023 அக்டோபர் 14 அன்று வாக்கெடுப்பு. கிரிக்கெட், ரக்பி, டென்னிஸ், ஆஸ்திரேலிய ரூல்ஸ் கால்பந்து என 20க்கும் மேற்பட்ட விளையாட்டு அமைப்புகள் 'ஆம்' பக்கம் நின்றன. 2000 சிட்னி ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தங்கம் வென்ற, பூர்வகுடியில் பிறந்த கேத்தி ஃப்ரீமேனும் 'ஆம்' கேட்டார். அந்த நாட்டில் சாசனத் திருத்தம் நிறைவேற, நாடு முழுக்கப் பெரும்பான்மையும் வேண்டும். ஆறில் நாலு மாநிலங்களிலும் பெரும்பான்மை வேண்டும். கிடைத்ததோ சுமார் 60 சதவீதம் 'இல்லை'. ஆறு மாநிலமும் கைவிட்டது.

விளையாட்டைப் பற்றிய வாக்கெடுப்பிலேயே விளையாட்டுக்காரர்கள் சொல் எடுபடாததும் உண்டு. 2024 ஒலிம்பிக்கை நடத்தக் கேட்கலாமா என்று ஹாம்பர்க் மக்களிடம் 2015இல் கேட்டார்கள்: 51.6 சதவீதம் வேண்டாம். 2026 குளிர்கால ஒலிம்பிக்குக்காக கால்கரியில் 2018 நவம்பரில் கேட்டார்கள். முன்னாள் ஒலிம்பிக் வீரர்கள் பலர் தெருத்தெருவாக ஆதரவு கேட்டும் 56.4 சதவீதம் வேண்டாம். செலவுக் கணக்குதான் அங்கே பேசியது, பதக்கம் அல்ல. உங்கள் கடையில் கிரிக்கெட் வீரர் படம் போட்ட பாக்கெட் வேகமாக விற்கலாம். ஆனால் வாக்குச் சாவடியில் நிற்கிறவர் பத்து ரூபாய்ச் சரக்குக்காக நிற்கவில்லை.

? என் மகளுக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வேயில் வேலை கிடைத்திருக்கிறது. வாலிபால் ஆடுகிறாள். அரசியல் விஷயத்தில் சமூக வலைத்தளத்தில் கருத்துப் போடலாமா?
– ஒரு தாய், தக்கலை

முதலில் மகளுக்கு வாழ்த்து. அடுத்தது, அவர் இனி வீராங்கனை மட்டுமல்ல, அரசு ஊழியர். ரயில்வே பணியாளர் நடத்தை விதிகள் 1966இல் 5ஆம் விதியை ஒருமுறை நிதானமாகப் படிக்கச் சொல்லுங்கள். அரசியல் கட்சியில் உறுப்பினராகக் கூடாது. நாடாளுமன்றம், சட்டமன்றம், உள்ளாட்சி எதுவானாலும் தேர்தலில் ஆதரவு திரட்டக் கூடாது. ஓட்டுப் போடலாம், ஆனால் எதற்குப் போட்டோம், போடப்போகிறோம் என்று காட்டக் கூடாது. பலருக்குத் தெரியாத ஒன்று: தேர்தல் சின்னத்தை உடம்பிலோ வண்டியிலோ வீட்டிலோ வைத்தாலே அது செல்வாக்கைப் பயன்படுத்தியதாகக் கருதப்படும். ஸ்கூட்டர் ஸ்டிக்கர்கூட ஆபத்து என்று அர்த்தம்.

"வேறு நாட்டில் நடக்கும் வாக்கெடுப்புதானே, அதைப் பற்றிப் பேசினால் என்ன?" என்று நினைக்கலாம். ஈழத்தில் பொதுவாக்கெடுப்பு வேண்டும் என்ற கோரிக்கையை நம்மில் பலர் பகிர்வதுண்டு. 5ஆம் விதி பேசுவது இந்தியத் தேர்தல்களைத்தான். ஆனால் அரசை விமர்சிப்பது பற்றிய 9ஆம் விதி இருக்கிறது. இந்திய அரசுக்கும் அயல்நாட்டு அரசுக்கும் உள்ள உறவைச் சங்கடப்படுத்தக்கூடிய கருத்தை வெளியிடக் கூடாது என்கிறது அது. அதனால் அங்கேயும் கவனம்.

நடைமுறையில் மாட்டிக்கொள்கிறவர்கள் பெரும்பாலும் தானாக எழுதியவர்கள் அல்ல. யாரோ டேக் செய்த படத்துக்கு லைக் போட்டவர்கள், அண்ணன் அனுப்பியதை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்தவர்கள், பாராட்டு விழா என்று நம்பி மேடையேறி, பின்னால் தொங்கும் பேனரைப் பார்க்காதவர்கள். விழாவுக்கு அழைத்தால் அழைப்பிதழை முன்கூட்டியே வாட்ஸ்அப்பில் கேட்டு வாங்குங்கள். யார் தலைமை, பேனரில் என்ன சின்னம், எந்தத் தேதி என்று பாருங்கள். தேர்தல் அறிவிப்பு வந்தபின் என்றால் பணிவாக மறுத்துவிடுங்கள். தன்னைக் கேட்காமல் படத்தைப் பிரசுரத்தில் போட்டிருந்தால், அன்றே மறுப்பை எழுத்தில் தந்து, அதன் நகலை மேலதிகாரிக்கும் அனுப்பிவிடட்டும். பிறகு விளக்கம் கேட்டால் அந்த ஒரு தாள்தான் காப்பாற்றும்.

மாநில அரசு ஊழியர்களுக்குத் தனி நடத்தை விதிகள் இருக்கின்றன, அடிப்படை இதுவே. காவல் துறையில் கெடுபிடி இன்னும் அதிகம்.

? ஸ்பெயினில் ஜெரார்ட் பிக்கே செய்தது தவறா? அவரை ஏன் சொந்த நாட்டு ரசிகர்களே விரட்டினார்கள்?
– கால்பந்து ரசிகர், இரவிபுத்தன்துறை

பிக்கே பார்சிலோனாவுக்கும் ஸ்பெயின் தேசிய அணிக்கும் ஆடியவர். பார்சிலோனா இருப்பது ஸ்பெயினின் கட்டலோனியா பகுதியில். அது தனி நாடாக வேண்டுமா என்று 2017 அக்டோபர் 1 அன்று அங்கே நடந்தது, ஸ்பெயின் அரசியல் சாசன நீதிமன்றம் செல்லாது என்று தடுத்து நிறுத்திய வாக்கெடுப்பு. வாக்களிக்க வந்தவர்கள்மீது போலீஸ் தடியடி. அன்றைக்கே பார்சிலோனா, லாஸ் பால்மாஸ் அணியோடு காலி மைதானத்தில் ஆடி 3–0 என்று ஜெயித்தது. பிக்கே காலையில் ஓட்டுப் போட்டுவிட்டு ஆடினார். ஆட்டம் முடிந்து பேசும்போது அழுதுவிட்டார். தான் இருப்பது சிக்கல் என்றால் தேசிய அணியிலிருந்து விலகத் தயார் என்றார். மறுநாள் தேசிய அணிப் பயிற்சியில் ரசிகர்கள் விசிலடித்துக் கூச்சல் போட்டார்கள்.

அவர் கேட்டது என்ன என்பதைக் கவனியுங்கள். ஆம், இல்லை, வெற்றுச்சீட்டு எதுவானாலும் போடலாம், போடும் உரிமை வேண்டும் என்பதுதான். 'இந்தப் பக்கம் போடு' என்பதும் 'போட விடு' என்பதும் வேறுவேறு. கூச்சல் போட்டவர்கள் அந்த வித்தியாசத்தைப் பார்க்கவில்லை. வாக்கெடுப்பே கூடாது என்பது ஒரு தரப்பின் நிலைப்பாடாக இருக்கும்போது, "போட விடுங்கள்" என்பதும் பக்கம் எடுத்ததாகவே தெரியும். பிக்கே விலகவில்லை, 2018 உலகக் கோப்பையிலும் ஸ்பெயினுக்கு ஆடினார்.

இதே விவகாரத்தில், இங்கிலாந்தின் மான்செஸ்டர் சிட்டி அணிக்கு அப்போது பயிற்சியாளராக இருந்த கட்டலான்காரர் பெப் கார்டியோலாவைப் பாருங்கள். 2017 ஜூனில் பார்சிலோனாவில் பெருங்கூட்டத்தின் முன் வாக்கெடுப்புக்கு ஆதரவான அறிக்கையை வாசித்தார். இங்கிலாந்து கால்பந்துச் சங்கம் வாயே திறக்கவில்லை. சிறையிலிருந்த கட்டலான் தலைவர்களுக்காக மஞ்சள் ரிப்பனைக் குத்திக்கொண்டு ஆட்டத்தின்போது எல்லைக்கோட்டருகே நின்றார். 2018 மார்ச்சில் 20,000 பவுண்டு அபராதம். அதே ரிப்பனைப் பத்திரிகையாளர் சந்திப்பில் அணியத் தடை இல்லை. ஆளும் ஒன்று, கருத்தும் ஒன்று, இடம்தான் வேறு.

? எங்கள் கிளப் நடத்தும் செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர் ஆடும் கால்பந்து) டூர்ணமென்டுக்கு ஒருவர் இலவசமாக ஜெர்சி தருகிறார். துறைமுகத் திட்டத்துக்கு எதிரான வாசகம் அச்சடிக்க வேண்டுமாம். ஊரில் பாதிப்பேர் வேண்டும் என்கிறார்கள், பாதிப்பேர் வேண்டாம் என்கிறார்கள். என்ன செய்ய?
– கிளப் செயலாளர், குளச்சல்

துறைமுகம் வேண்டும் என்ற வாசகமாக இருந்தாலும் எங்கள் பதில் இதுதான்: ஜெர்சியில் வேண்டாம். கால்பந்து ஆட்ட விதிகளில் 4ஆவது விதி, உடுப்பில் அரசியல், மத, சொந்த வாசகங்களோ படங்களோ கூடாது என்கிறது. உள்பனியனும் இதில் அடக்கம். கோல் போட்டதும் ஜெர்சியைத் தூக்கி உள்ளே எழுதியிருப்பதைக் காட்டும் பழக்கம் நம் கரையிலும் உண்டு; அதுவும் குற்றமே. ஜெர்சியைக் கழற்றினால் மஞ்சள் அட்டை தனியாக உண்டு.

செவன்ஸ் ஆட்டத்துக்கு உங்கள் கமிட்டி வைத்ததுதான் சட்டம். ஆகவே நோட்டீஸிலேயே ஒரு வரி அச்சடித்துவிடுங்கள்: "ஆடுகளத்திலும் சீருடையிலும் அரசியல், மத, தனிப்பட்ட வாசகங்களுக்கு அனுமதி இல்லை; மீறும் அணி மாற்று உடுப்பு அணிந்த பிறகே ஆடலாம்." நுழைவுக் கட்டணம் வாங்கும்போது அணி மேலாளரிடம் அதில் கையெழுத்து வாங்குங்கள். ஆட்டத்துக்கு முன் பூட்ஸ் அடியையும் ஷின் கார்டையும் பார்க்கும் நேரத்தில் உள்பனியனையும் பார்க்கச் சொல்லுங்கள். தகராறு வந்த பிறகு பார்த்தால் அது தகராறாகவே முடியும்.

ஜெர்சி ஆர்டரில் இன்னொரு சிக்கல். இப்போது பெரும்பாலும் சப்ளிமேஷன் அச்சு. சாயம் துணிக்குள்ளேயே இறங்கிவிடும், பிறகு அழிக்க வழி இல்லை. மேலே டேப் ஒட்டினால் முதல் பாதி வியர்வையிலேயே உரிந்து தொங்கும். அதே நிறத் துணியைத் தைத்து மறைப்பது ஒன்றே வழி, அது அசிங்கமாக இருக்கும். எனவே அச்சுக்குப் போகுமுன் முன்பக்கம், பின்பக்கம், கை மூன்றின் டிசைனையும் வாங்கி, செயலாளரும் பொருளாளரும் ஒப்புதல் தந்த பிறகே முன்பணம் கொடுங்கள்.

எல்லோரும் மறந்துபோவது கமென்ட்ரி மைக். ஜெர்சியில் தடுத்த வாசகம் இடைவேளையில் மைக் வழியாக வந்துவிடும். "இந்தக் கோப்பையை வழங்கும் எங்கள் தங்கத் தலைவர்" என்று ஆரம்பித்தால் யாராலும் நிறுத்த முடியாது. வர்ணனையாளருக்கு நன்கொடையாளர் பெயர்ப் பட்டியலைத் தாளில் எழுதிக் கொடுத்து, அதை மட்டும் வாசிக்கச் சொல்லுங்கள். இரவு ஆட்டம் என்றால், 10 மணிக்கு மேல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்குத் தடை என்பதும் நினைவிருக்கட்டும்.

தேர்தல் நேரமாக இருந்தால் கவனம் இரட்டிப்பாக வேண்டும். வேட்பாளர் தரும் ஜெர்சியும் பந்தும் வாக்காளருக்குத் தந்த பரிசாகிவிடும், வாங்க வேண்டாம். பரிசுப்பணம் 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொண்டு போனால் பறக்கும் படை வழியில் நிறுத்தும். வங்கியில் எடுத்த சீட்டு, கமிட்டித் தீர்மான நகல், டூர்ணமென்ட் நோட்டீஸ் மூன்றும் வண்டியில் இருக்கட்டும்.

துறைமுகத்தைப் பற்றி உங்கள் வீரர்களுக்குச் சொல்ல நிறைய இருக்கும், அவர்கள் அப்பாக்கள் கடலுக்குப் போகிறவர்கள். தனியாக ஒரு நாள் கூட்டம் போட்டு, கிளப் பெயர் இல்லாமல் பேசட்டும். அயர்லாந்தில் 2018 மே மாதம் கருக்கலைப்புத் தடையை நீக்கும் வாக்கெடுப்பின்போது, ஊருக்கு ஊர் கிளப் வைத்திருக்கும் கேலிக் விளையாட்டுச் சங்கம் செய்ததும் இதுதான்: சங்கம் எந்தப் பக்கமும் இல்லை, உறுப்பினர்கள் சொந்தக் கருத்தாகப் பேசலாம் என்றது. இரண்டு முகாமிலும் அதன் ஆட்டக்காரர்கள் இருந்தார்கள்.

? நம் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது பொதுவாக்கெடுப்பு வழியாகத்தான் என்று ஒருவர் அடித்துச் சொல்கிறார். உண்மையா?
– ஓய்வுபெற்ற தபால் ஊழியர், நாகர்கோவில்

இல்லை. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸின் போராட்டம், மார்ஷல் நேசமணியின் தலைமை, 1954 ஆகஸ்ட் 11 துப்பாக்கிச் சூட்டில் போன உயிர்கள், பிறகு மாநிலச் சீரமைப்பு ஆணையம், கடைசியில் நாடாளுமன்றச் சட்டம். அப்படித்தான் 1956 நவம்பர் 1 அன்று அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு நான்கும் வந்து சேர்ந்தன. மக்களிடம் ஓட்டுச்சீட்டு யாரும் நீட்டவில்லை.

அவர் புதுச்சேரியோடு குழப்பிக்கொண்டிருக்கலாம். அங்கே 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் வாக்கெடுப்பு நடந்தது. அதுவும் பொதுமக்கள் ஓட்டு அல்ல. 178 மக்கள் பிரதிநிதிகள் போட்டார்கள், 170 பேர் இந்தியாவுக்கு, 8 பேர் எதிராக. பொதுமக்களே நேரடியாக ஓட்டுப் போட்டதற்கு 1967 ஜனவரி 16 கோவா, 1975 ஏப்ரல் 14 சிக்கிம் என்று உதாரணங்கள் உண்டு.

? கிராமசபையில் ஒரு திட்டத்துக்கு எதிராகத் தீர்மானம் கொண்டுவரப் போகிறோம். சென்னையில் ஆடும் எங்கள் ஊர்க் கால்பந்து வீரரை அழைத்துப் பேசவைத்தால் எடுபடுமா?
– இளைஞர் மன்ற உறுப்பினர், தூத்தூர்

அவர் பெயர் உங்கள் ஊராட்சி வாக்காளர் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் அவரும் உறுப்பினர், பேசலாம், கை தூக்கலாம். ஓட்டைச் சென்னைக்கு மாற்றியிருந்தால் தீர்மானத்துக்குக் கை தூக்கும் உரிமை இல்லை. மர்ரே நிலைமைதான்!

அவரைவிட உங்களுக்கு முக்கியம் கோரம், அதாவது கூட்டம் செல்ல வேண்டுமானால் வர வேண்டிய குறைந்தபட்ச ஆள் கணக்கு. மக்கள்தொகை 500 வரை என்றால் 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300. ஆள் குறைந்தால் யார் பேசியும் பயன் இல்லை. நட்சத்திரம் வந்தால் கூட்டம் சேரும், உண்மை. ஆனால் செல்ஃபி எடுத்துவிட்டுப் போகிறவர்கள் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவதில்லை. பதிவேட்டை வாசலிலேயே வைத்து, கையெழுத்து வாங்கிய பிறகு உள்ளே விடுங்கள். தீர்மான வாசகத்தை முன்கூட்டியே எழுதி எடுத்துப் போங்கள்: திட்டத்தின் பெயர், சர்வே எண், பாதிக்கப்படும் பகுதி, என்ன கேட்கிறோம் என்பது. "வன்மையாகக் கண்டிக்கிறோம்" என்று மட்டும் எழுதினால் அதிகாரி மேசையில் அதற்கு வேலையே இல்லை. கூட்டம் முடிந்ததும் தீர்மான நகலைக் கேட்டு வாங்குங்கள். இது பொதுவாக்கெடுப்பு அல்ல, மத்திய அரசின் திட்டத்தை இதுவே நிறுத்திவிடாது. நீதிமன்றத்திலும் கருத்துக்கேட்புக் கூட்டத்திலும் காட்ட ஓர் ஆவணம், அவ்வளவே.

? ஆட்டக்காரர்கள் வாயை மூடிக்கொண்டு ஆடினால் போதாதா?
– வாசகர், ஆரல்வாய்மொழி

2003 கிரிக்கெட் உலகக் கோப்பையில் ஜிம்பாப்வேயின் ஆண்டி ஃப்ளவரும் ஹென்றி ஒலங்காவும் தங்கள் நாட்டில் ஜனநாயகம் செத்ததற்காகக் கறுப்புப் பட்டை அணிந்து ஹராரேயில் இறங்கினார்கள். மைதானத்தில் வேண்டாம் என்று மேலே சொன்ன நாங்களே அவர்களைக் குறை சொல்ல மாட்டோம். இருவரின் சர்வதேச ஆட்டமும் அந்தத் தொடரோடு முடிந்தது. விலை என்னவென்று தெரிந்தே செய்தார்கள். விளம்பர ஒப்பந்தமும் கையில் இருக்க வேண்டும், புரட்சிக்காரர் பட்டமும் வேண்டும் என்பவர்களுக்குத்தான் எங்கள் அறிவுரை எல்லாம்.

? தேர்தல் ஆணையமே சச்சினையும் தோனியையும் வைத்து விளம்பரம் செய்கிறதே, அது மட்டும் சரியா?
– உடற்கல்வி ஆசிரியர், கொட்டாரம்

அவர்கள் "ஓட்டுப் போடுங்கள்" என்கிறார்கள், "இவருக்குப் போடுங்கள்" என்பதில்லை. அதனால் சரி. ஆனால் சொல்கிறவர் பெயர் பட்டியலில் இருக்க வேண்டாமா? 2019 மக்களவைத் தேர்தலில் கர்நாடகத்தின் தூதர் ராகுல் டிராவிட். ஊரெல்லாம் அவர் படம். அவரால் ஓட்டுப் போட முடியவில்லை! வீடு மாறியதால் பழைய முகவரியிலிருந்து பெயரை நீக்கப் படிவம் 7 கொடுக்கப்பட்டது. புது முகவரியில் சேர்க்கும் படிவம் 6 நேரத்துக்குள் போகவில்லை.

இப்போது வீடு மாறியவர்களுக்குப் படிவம் 8 ஒன்றே போதும், 7 தேவையில்லை. வேட்புமனுத் தாக்கலின் கடைசி நாள் வரை பெயர் சேர்க்கலாம் என்றாலும், விசாரணைக்கு நாள் பிடிக்கும். அதற்குப் பத்து நாள் முன்பே கொடுத்துவிடுங்கள். உங்கள் பள்ளியில் 18 முடிந்த பிள்ளைகளுக்குப் படிவம் 6. சந்தேகம் இருந்தால் 1950க்கு அழைக்கலாம். விடுதியில் தங்கி ஆடும் பிள்ளைகள் ஊரில் ஒன்று, விடுதி முகவரியில் ஒன்று என்று இரண்டு இடத்தில் விண்ணப்பித்துவிடுவார்கள். இரண்டு இடத்தில் பெயர் இருக்கச் சட்டம் அனுமதிக்காது என்று சொல்லிவையுங்கள்.